அத்தியாயம் 6: கியர்பொக்ஸின் சூடும் சத்தமும்

ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் ஓடுவதற்குப் பழமைப் பற்று மட்டும் காரணமல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமற் போனபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்ட இடங்கொடுத்தவை இவை. அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்கள் என்பதால் அது முடிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறக்கும்வரை, புதியது வாங்க முடியாத பலர் முற்றத்தில் நின்ற பழையதைத் திருத்தி எடுத்தார்கள். கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளைக் காராகவும், ஊர் வந்த உறவினரை ஏற்றி இறக்கவும் இவற்றுக்கு இன்றும் கேள்வி உண்டு.

இந்தக் கார்களின் கியர்பொக்ஸ்களுக்கு இப்போது ஐம்பது முதல் எழுபது வயது. அவை சத்தம் போடும், சூடாகும். அந்தச் சத்தமும் சூடும் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை. முழுவதற்கும் ஒரே விதி: பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. திறந்த பெட்டிக்குப் பாகம் வரும்வரை கார் கட்டையில் நிற்கும். பிழையோ பல தடவை பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். உள்ளே இருந்தாலும், எந்தக் கியரில் எப்போது சத்தம் வருகிறது என்று ஒழுங்காகக் கேட்டால், எந்தப் பாகம் என்பது திறக்க முன்னரே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

நான்கு கியர் கொண்ட இந்தப் பெட்டிகளில் மூன்று தண்டுகள் முக்கியம். கிளச்சிலிருந்து வரும் முன் தண்டு; அதற்கு நேர் பின்னால் புரொப்பல்லர் தண்டை நோக்கிப் போகும் பிரதான தண்டு; இரண்டுக்கும் கீழே லே ஷாப்ட். லே ஷாப்டின் மேல் சுற்றும் பல்லுத்தொகுதிதான் லே கியர். முன் தண்டு சுற்றும்போதெல்லாம் லே கியரும் சுற்றும்.

முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் எஞ்சினின் வலு முன் தண்டிலிருந்து லே கியருக்கு இறங்கி, அங்கிருந்து பிரதான தண்டுக்கு ஏறும். நாலாம் கியரில் அப்படியல்ல. முன் தண்டும் பிரதான தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வலு நேரே போய்விடும். லே கியர் சுமையின்றிச் சும்மா சுற்றும். சத்தம் பிரித்தறியும் வித்தை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது.

குடாநாட்டின் தட்டையான நிலம் லே கியருக்கு உதவி. மலைநாட்டில் ஓடும் கார் இரண்டாம், மூன்றாம் கியர்களில் மணிக்கணக்காக ஏற வேண்டும். லே கியர் அங்கே தேயும், அங்கே சூடேறும். இங்கே நாலாம் கியரில் போட்டுவிட்டால் ஊர் போய்ச் சேரலாம். ஆகவே இங்கே ஒரு பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால், ஏற்றத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஒயிலையும், கிளச்சையும், தவழும் வாகன நெரிசலையும் முதலில் சந்தேகியுங்கள்.

எவ்வளவு சூடு அதிகச் சூடு

15 கிலோவாட் வலு பெட்டிக்குள்ளால் போகும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு உராய்வில் வீணானாலும் 300 வாட் சூடாக மாறும். அந்தச் சூட்டை ஒயில் உறைக்குக் கொண்டுபோகும். உறையிலிருந்து காருக்குக் கீழே வீசும் காற்று எடுத்துப்போகும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகளை மறித்துவிட, ஒழுங்கைகளுக்குள்ளால் முதலாம், இரண்டாம் கியரில் தவழ்ந்தால், கீழே காற்றும் இல்லை, கிளச்சும் பாதி வழுக்கலில் நிற்கும். அன்று பெட்டி சூடாவது பிழையல்ல. அடியில் ஒயிலும் மண்ணும் சேர்ந்து ஒட்டிய கட்டி இருந்தால் சூடு வெளியேறாது. முதல் வேலையாக அதைச் சுரண்டிக் கழுவுங்கள்.

கையை வைத்துப் பார்ப்பது நல்ல அளவுகோல் அல்ல. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைத் தாண்டிய உலோகத்தில் யாராலும் கை வைத்திருக்க முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய நல்ல கியர்பொக்ஸுக்கு 70, 80 பாகை சாதாரணம். "கை வைக்கேலாமல் சுடுது" என்பதற்காகப் பெட்டியை இறக்க வேண்டாம்.

தூர நின்று அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்த வகை உதவாது. அது உடல் வெப்பத்தை அளக்க மட்டும் செய்யப்பட்டது. வேலைத்தளங்களில் பாவிக்கும் வகையே வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், உறையில் ஒரு சிறு இடத்தில் பளபளப்பில்லாத கறுப்பு மை பூசி, எப்போதும் அந்த இடத்தையே அளக்கவும். ஒரே வீதி, ஒரே வேகம், ஒரே சுமை என்று வைத்து ஓடியபின் அளந்தால்தான் ஒப்பிடலாம்.

* 90 பாகைக்குள்: கவலை வேண்டாம்.
* 90 முதல் 110 வரை: ஒயில் மட்டத்தையும் வகையையும் பாருங்கள்.
* 110க்கு மேல்: காரணம் தெரியும்வரை தூரப் பயணம் வேண்டாம். சூடு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு.

காருக்குள் காலில் சுடுவதையும் பெட்டியின் சூட்டையும் குழப்ப வேண்டாம். எஞ்சின் அறைக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தகட்டில் ரப்பர் வளையங்கள் உக்கி விழுந்திருந்தால், ரேடியேற்றரின் வெப்பக் காற்று நேரே உள்ளே வரும். புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் கியர்பொக்ஸ் மூடி சுடும். இரண்டுக்கும் பரிகாரம் சில நூறு ரூபா ரப்பரும் ஒரு கஸ்கற்றும்தான்.

ஒயில்: பாதிப் பிரச்சினை இங்கே

மொறிஸ் மைனர் 1000 காரின் கியர்பொக்ஸுக்கு ஏறத்தாழ 1.3 லீற்றர் ஒயில் போதும். தயாரிப்பாளர் அதற்குச் சொன்னது எஸ்ஏஈ 30 எஞ்சின் ஒயில். இன்று பலர் 20டபிள்யூ-50 விடுகிறார்கள். எங்கள் வெப்பத்துக்கு அது பொருந்தும். பின் அச்சிலுள்ள டிபரன்சியலுக்கு ஏறத்தாழ 0.85 லீற்றர், அதற்கு ஹைப்பொயிட் 90 கியர் ஒயில். ஒரே காரில் இரண்டு பெட்டிகள், இரண்டு வகை ஒயில்கள். மற்றக் கார்களுக்கு அந்தந்தக் கைநூலில் உள்ள அளவையும் வகையையும் பின்பற்றவும்.

"கியர்பொக்ஸ் என்றால் கியர் ஒயில்தானே" என்று இரண்டுக்கும் ஒரே 90 ஒயிலை விடுவது நடக்கிறது. இதில் தடிப்பு பெரிய சிக்கல் அல்ல. எஞ்சின் ஒயிலின் இலக்கமும் கியர் ஒயிலின் இலக்கமும் வெவ்வேறு அளவுமுறைகள். 90 கியர் ஒயில் ஏறத்தாழ 40, 50 எஞ்சின் ஒயிலின் தடிப்புத்தான். சிக்கல் அதில் கலந்திருக்கும் இரசாயனத்தில். டிபரன்சியலின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசுவதால், அவற்றைக் காக்கக் கந்தகமும் பொஸ்பரசும் கொண்ட சேர்மானங்கள் ஜிஎல்-5 ஒயிலில் கூடுதலாக உண்டு. அவற்றுள் சில வகை சூட்டில் பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கும். கியர்பொக்ஸுக்குள், கியர் மாற்றும்போது சுற்றுவேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களும் புஷ்களும் அந்த உலோகங்களால் ஆனவை. சிங்க்ரோ வேலை செய்வதற்கு உராய்வும் வேண்டும். வழுக்கல் கூடினால் கியர் மாற்றும்போது கரகரக்கும். கியர் ஒயில்தான் விட வேண்டுமென்றால், பித்தளைக்குத் தீங்கு செய்யாது என்று எழுதிய ஜிஎல்-4 வகையை எடுங்கள்.

இன்னொரு வழக்கம் 140 ஒயில். சத்தம் போடும் பெட்டிக்கு 140 விட்டால் சில வாரங்கள் அமைதியாகும். ஆனால் லே கியருக்குள் இருக்கும் ஊசி உருளைகளுக்கு அவ்வளவு தடித்த ஒயில் வேளைக்குப் போய்ச் சேராது. ஒயிலைக் கடைவதிலேயே வலு வீணாகிச் சூடு கூடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், பெட்டி சந்தேகத்துக்கிடமான அமைதியோடு இருந்தால், ஒயில் திருகாணியைக் கழற்றி ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். தேன் போல் இழுபட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஒயில் மாற்றும் முறை:

1. காரைப் பதினைந்து நிமிடமாவது ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். அடியிலிருக்கும் கசடு அப்போதுதான் இறங்கும்.
2. கீழே போகுமுன் காரை ஜக்கில் மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். மணல் நிலத்தில் ஜக் புதையும். அடியில் தடித்த பலகை வைத்து, இரும்புத் தாங்கிகளில் நான்கு பக்கமும் மட்டமாக நிறுத்துங்கள்.
3. வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது வயதின் இயல்பு. பொன்னிறப் பொடி மினுங்கினால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. ஊசி போன்ற உருக்குத் துண்டு வந்தால் லே கியரின் உருளை உடைந்திருக்கிறது; அந்தக் காரை இனி ஓட்ட வேண்டாம். பால் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.
4. மட்டத் துவாரத்தால் ஒயில் வழியத் தொடங்கும்வரை நிரப்புங்கள். வழிந்து நின்றபின் பூட்டுங்கள். மைனரில் இந்தத் துவாரத்தை எட்ட, காருக்குள் கம்பளத்தைத் தூக்கி மூடியிலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்ற வேண்டும்.

"கூட இருந்தால் நல்லதுதானே" என்று மேலதிகமாக விடாதீர்கள். மிஞ்சிய ஒயில் பற்களில் கடைபட்டு நுரைக்கும். நுரை சூட்டைக் கூட்டும். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றின் முன்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்பும் திருகுவெட்டு மட்டுமே உண்டு. மட்டம் கூடினால் ஒயில் கிளச் தட்டுக்குப் போகும், கிளச் வழுக்கும்.

நிற்கும்போது கேட்க வேண்டியவை

எஞ்சின் சூடேறியபின், கைப்பிறேக் இழுத்து, நியூட்றலில் கேளுங்கள்.

கிளச்சை மிதிக்காதபோது இரைச்சல் இருந்து, மிதித்ததும் நின்றால், முன் தண்டின் பெயறிங் அல்லது லே கியரின் உருளைகள் தேய்ந்திருக்கின்றன. கிளச்சை மிதித்தால் முன் தண்டும் லே கியரும் நின்றுவிடும். அதனால் சத்தமும் நிற்கும்.

மிதித்ததும் சத்தம் தொடங்கினால் குற்றவாளி கியர்பொக்ஸ் அல்ல. இந்தக் கார்களில் கிளச்சைத் தள்ளுவது குண்டுப் பெயறிங் இல்லை. கரிக் கட்டி ஒன்று. அது தேய்ந்து இரும்பு வளையம் உரசத் தொடங்கினால் கிரீச்சிடும். சந்தியில் நிற்கும்போது கிளச்சில் காலை ஊன்றி வைத்திருக்கும் சாரதிக்கு இந்தக் கரி சீக்கிரம் தீரும். நிற்கும் இடத்தில் நியூட்றலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

கிளச்சை மிதித்து முதலாம் கியரில் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சென்றால், முன் தண்டின் நுனியைத் தாங்கும் சிறு வெண்கல புஷ் வறண்டிருக்கலாம்.

ஓடும்போது கேட்க வேண்டியவை

இதற்கு வெறும் வெளியும் நேர் வீதியும் வேண்டும். பருத்தித்துறை வீதியில் வல்லை வெளி நல்லது. கண்டி வீதியில் ஆனையிறவுப் பக்கமும் நல்லது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் மறைக்கும், அதிகாலையில் போங்கள். ஓட்டுவது ஒருவர், கேட்டு எழுதுவது இன்னொருவர். ஒவ்வொரு கியரிலும் சீராக ஓடி, பிறகு அக்சிலறேற்றரைச் சற்று அமத்தி, பிறகு விட்டு, மூன்று நிலையிலும் கேளுங்கள்.

* முதலாமிலும் றிவேர்ஸிலும் மட்டும் ஊளை: பிழையல்ல. அவற்றின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அவை கத்தத்தான் செய்யும். உருளும் காரில் முதலாம் கியர் போடும்போது கரகரப்பதும் பிழையல்ல. அதற்கு சிங்க்ரோவே கிடையாது.
* முதலாம், இரண்டாம், மூன்றாமில் சத்தம், நாலாமில் அடங்கிவிடுகிறது: லே ஷாப்டும் அதன் உருளைகளும் தேய்ந்துள்ளன. பழைய பெட்டிகளில் மிக வழக்கமான நோய் இது.
* ஒரு கியரில் மட்டும் சத்தம்: அந்தக் கியரின் பற்கள்.
* நாலாம் உட்பட எல்லாக் கியரிலும்: முன் தண்டின் பெயறிங் அல்லது பிரதான தண்டின் பின் பெயறிங்.
* அக்சிலறேற்றரை விட்டதும் கியர் துள்ளி நியூட்றலுக்கு வருகிறது: கியரைப் பிடித்து வைக்கும் குண்டும் சுருளும், அல்லது சிங்க்ரோ மையம். ஸ்ரியறிங் தண்டோடு கியர் பிடி உள்ள கார்களில் முதலில் வெளியே இருக்கும் இணைப்புக் கம்பிகளின் புஷ்களைப் பாருங்கள். அவை தேய்ந்தால் கியர் முழுதாக விழாது.

மூன்றாம் கியர்ச் சத்தத்தை எஞ்சின் சத்தத்திலிருந்து பிரிக்க ஒரு கணக்கு உண்டு. மைனரில் மூன்றாம் கியரின் விகிதம் 1.412, நாலாம் 1. ஆகவே மூன்றாமில் மணிக்கு 40 கிலோமீற்றரிலும் நாலாமில் 56 கிலோமீற்றரிலும் எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றும். இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் எஞ்சினையோ அதன் துணைகளையோ பாருங்கள். 40இல் மட்டும் ஊளையென்றால் பெட்டிதான்.

அடுத்தது நியூட்றல் சோதனை. ஆளில்லாத நேர் வீதியில் 50இல் போய், எஞ்சினை நிறுத்தாமல், நியூட்றலில் உருள விடுங்கள். சத்தம் குறையாமல் தொடர்ந்தால், பிழை பெரும்பாலும் பின்னால்: டிபரன்சியல், சில்லுப் பெயறிங், அல்லது ரயர். அக்சிலறேற்றரை அமத்தும்போது ஒரு சுரம், விடும்போது இன்னொரு சுரம் என்றால் டிபரன்சியலின் பினியனைச் சந்தேகியுங்கள். கியர்பொக்ஸ் என்று நினைத்து இறக்கப்படும் பெட்டிகளுக்கு இந்த ஒரு சோதனை விடுதலை கொடுக்கும்.

கடைசியாக மதில் சோதனை. உயர்ந்த கல் மதில் உள்ள ஒழுங்கையில், அந்தப் பக்கத்து யன்னலைத் திறந்து, இரண்டாம் கியரில் மெதுவாகப் போங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம், காருக்குள் கேட்காத உரசலையும் தட்டலையும் காதுக்குக் கொண்டுவரும். பனையோலை வேலியில் இது சரிவராது. ஓலை சத்தத்தை உறிஞ்சிவிடும்.

வெளியே பார்க்க வேண்டியவை

கியர்பொக்ஸைத் தாங்கும் ரப்பர்கள் நசிந்தால் உலோகம் உலோகத்தில் தொட்டு, பெட்டியின் சாதாரண முனகலே காரின் உடல் முழுதும் பரவும். ஒரு கட்டையால் பெட்டியை மெல்ல நெம்பிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் ரப்பரை மாற்றுங்கள். புகைக்குழாய் எங்காவது சட்டத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். புறப்படும்போது "டக்" என்றால், அல்லது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால், புரொப்பல்லர் தண்டின் யூனிவேர்சல் இணைப்பைப் பாருங்கள். கிறீஸ் நிப்பிள் இருந்தால் முதலில் கிறீஸ் அடியுங்கள்.

மாரியும் உப்பும்

கார்த்திகை, மார்கழி மழையில் பள்ள வீதிகளில் வெள்ளம் நிற்கும். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துவாரத்தாலும் சீல் இடுக்காலும் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளத்தில் அச்சு மறைய ஓடிய காருக்கு, அந்த வாரத்துக்குள்ளேயே கியர்பொக்ஸ் ஒயிலையும் டிபரன்சியல் ஒயிலையும் மாற்றுங்கள். தண்ணீர் கலந்த ஒயிலோடு ஒரு மாதம் நின்றால் பெயறிங்குகளில் துரு குழி விழுத்தும்; பிறகு வரும் இரைச்சல் எந்த ஒயிலாலும் போகாது.

பண்ணைத் தாம்போதியால் தீவுப்பகுதிக்கு நாளாந்தம் போய்வரும் கார்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி. வடிக்கும் திருகாணி உறையோடு துருவால் ஒட்டிவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, புரியில் கொஞ்சம் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள். மூச்சுத் துவாரம் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஒயில் சீல்களால் வெளியேறும். அதையும் ஒரு கம்பியால் துப்புரவாக்குங்கள்.

திறக்கத்தான் வேண்டுமென்றால்

பாகங்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு திறவுங்கள்: லே ஷாப்ட், ஊசி உருளைகள், முன்பின் தள்ளு வளையங்கள், இரண்டு பெயறிங்குகள், கஸ்கற்றுகள். பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளச் தட்டு, கரிக் கட்டி, வெண்கல புஷ் மூன்றையும் மாற்றிவிட்டால் இரண்டாம் முறை இறக்கும் கூலி மிச்சம்.

பெயறிங் வாங்கக் காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, அதில் பொறித்த இலக்கத்தையும், உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். அங்குல அளவா மில்லிமீற்றர் அளவா என்பதை உறுதிசெய்யுங்கள். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தியா ஒரு வழி. மொறிஸ் ஒக்ஸ்போட்டிலிருந்து பிறந்த அம்பாசிடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்டது. அதன் பாகங்கள் சந்தையில் இன்னும் உண்டு. ஆனால் அம்பாசிடர் பல தடவை மாற்றப்பட்ட கார். பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் பக்கத்தில் வைத்து, பற்களை எண்ணி, தண்டின் விட்டத்தை அளந்து ஒப்பிடாமல் பணம் கொடுக்க வேண்டாம். பழைய எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினும் வேறு கியர்பொக்ஸும் பூட்டிய கார் என்றால், ஒயிலும் பாகமும் அந்தப் புதிய பெட்டிக்குரியவை. காரின் பெயரை மறந்துவிடுங்கள்.

ஓட்டலாமா, நிறுத்தலாமா

* நேர்வெட்டுக் கியர்களின் ஊளை, கோடையில் 80 பாகைச் சூடு: தாராளமாக ஓட்டலாம்.
* மூன்றாமில் இரைச்சல், நாலாமில் அமைதி, ஒயிலில் துண்டுகள் இல்லை: குடாநாட்டுக்குள் ஓடலாம். பாகம் சேர்க்கத் தொடங்குங்கள். கண்டி ஏற்றம் வேண்டாம்.
* ஒயிலில் உருக்குத் துண்டு, கடகடவென்ற தட்டல், ஓடும்போது கியர் பூட்டிக்கொள்வது: அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இழுக்கும்போது பின் சில்லுகளைத் தூக்கியோ, புரொப்பல்லர் தண்டைக் கழற்றியோ இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில்லு சுற்ற உள்ளேயும் சுற்றி மிச்சத்தையும் உடைக்கும்.

ஒரு கொப்பியில் திகதி, ஓடிய தூரம், ஒயில் வகை, அளந்த சூடு, எந்தக் கியரில் என்ன சத்தம் என்று எழுதி வாருங்கள். கராஜுக்குப் போகும்போது "பெட்டி சத்தம் போடுது" என்று மட்டும் சொன்னால், திறந்து பார்ப்பதைத் தவிர மெக்கானிக்குக்கு வேறு வழியில்லை. "நியூட்றலில் இரைச்சல், கிளச் மிதிச்சால் நிக்குது, நாலாமில் இல்லை" என்று சொன்னால், அவர் திறக்கமுன்னரே எந்தப் பாகம் வேண்டுமென்று சொல்வார். கூலியை அதற்குப் பிறகு பேசுங்கள்.